குழந்தையுடன் அதிக நேரம் இருந்தவர் நிரப்பவும்

ஜூலை 8, செவ்வாய்

வகுளாவை அட்மிட் செய்து இன்றோடு ஆறு நாள். இடது காலில் முழங்காலுக்குக் கீழே எலும்புக்குள் சீழ். ஏழு வயசுக் குழந்தைக்கு எலும்பில் எப்படிச் சீழ் வரும் என்று கேட்டால், டாக்டர் "வரும் சார்" என்கிறார். இந்தப் பதிலைச் சொல்லப் பத்து வருஷம் படித்திருக்கிறார். ஆபரேஷன் செய்து சீழை எடுத்தாயிற்று. மொத்தம் இரண்டு வாரம் நரம்பு வழியாக மருந்து ஏற்ற வேண்டுமாம்.

வார்டுக்குள் ஒருவர்தான் தங்கலாம். சுப்ரஜா இருக்கிறாள். எனக்கு மாலை ஐந்தரையிலிருந்து ஆறரை. துவாக்குடியில் ஷிஃப்டை முடித்து, ஹெல்மெட்டோடு ஓடி வந்து பாஸை நீட்டினால், செக்யூரிட்டி பாஸைப் பார்க்காமல் என் ஷூவைப் பார்க்கிறான். சுத்தம் முக்கியமாம். வராண்டாவில் ஒரு பூனை காலை நீட்டிப் படுத்திருக்கிறது. அதனிடம் யாரும் பாஸ் கேட்கவில்லை.

இந்த டைரி வெல்டிங் ராடு விற்கிறவன் ஜனவரியில் கொடுத்தது. ஆறு மாசம் காலியாகக் கிடந்தது. கீழே ரிசப்ஷனில் உட்கார்ந்திருக்கிற நேரத்துக்கு இதாவது உதவட்டும்.

ஜூலை 9

என் அண்ணா சடகோபன் வந்தார். பெருமாள் பார்த்துப்பார் என்றார். குழந்தைக்கென்று கொண்டுவந்த ஆறு ஆப்பிளில் இரண்டைத் தானே தின்றுவிட்டுப் போனார்.

ஜூலை 11, வெள்ளி

இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. எழுதினால்தான் ஆறும்.

கையில் செருகி வைக்கிற ஊசிக்குழாய்க்கு வென்ஃப்ளான் என்று பேர். மூன்று நாளைக்கு ஒரு தடவை அடைத்துக்கொள்ளும், அப்புறம் வேறு இடம் பார்த்துக் குத்துவார்கள். இன்றைக்கு நான் இருக்கும்போதே குத்த வந்தாள் டோரதி என்கிற சிஸ்டர். ஆள் ஐந்தடி இருப்பாள், குரல் வார்டின் மறுகோடி வரை போகும். சுப்ரஜாவைக் கட்டிலில் உட்காரச் சொன்னாள், குழந்தையை மடியில் வைத்துக்கொள்ளச் சொன்னாள். ஆஸ்பத்திரியா, கல்யாண வீடா?

வகுளா என்னைப் பார்த்து, வலிக்குமாப்பா என்று கேட்டாள். பெற்றவன் என்ன சொல்வான்? வலிக்காதும்மா, எறும்பு கடிச்சா மாதிரி இருக்கும் என்றேன். டோரதி ஊசியைத் திரும்ப ட்ரேயில் வைத்துவிட்டாள்.

"சார், பொய் சொல்லாதீங்க. வலிக்கும் பாப்பா. மூணு எண்ணுறதுக்குள்ள முடிஞ்சிரும். நீயே எண்ணு."

அப்புறம் என் பக்கம் திரும்பி, கொஞ்சம் வெளிய இருங்க சார் என்றாள். ஆறு கட்டில், ஆறு அம்மாக்கள், எல்லோர் முன்னாலும். நான் பொய்யனாம். இருபத்திரண்டு வருஷமாக இன்ஸ்பெக்ஷனில் இருக்கிறேன். பாய்லர் பைப்பில் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு தப்பு இருந்தாலும் சரக்கைத் திருப்பி அனுப்புகிறவன். அளக்காமல் ரிப்போர்ட் எழுதினான் என்பதற்காகப் போன வருஷம் ஒருத்தனை வேலையை விட்டே தூக்கச் சொன்னவன். என்னைப் பார்த்துப் பொய் சொல்லாதீங்க!

வெளியே நின்றேன். குழந்தை ஒண்ணு, ரெண்டு, மூணு என்று எண்ணியது கேட்டது. அழவில்லை. சிஸ்டரோட கெட்டிக்காரத்தனம் என்கிறாள் சுப்ரஜா. என் பொண்ணு தைரியசாலி, அவ்வளவுதான். இதில் அவளுக்கு என்ன பங்கு?

ஜூலை 14, திங்கள்

இந்த டோரதி சம்பளம் வாங்குவது எதற்கு என்று புரியவில்லை. கட்டு எப்படி இருக்க வேண்டும், எப்படி இருந்தால் கூப்பிட வேண்டும் என்றெல்லாம் சுப்ரஜாவுக்குப் பாடம் எடுக்கிறாளாம். டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்போது நீங்களே கேளுங்கம்மா, எங்களை எதிர்பார்க்காதீங்க என்கிறாளாம். தன் வேலையை அம்மாக்கள் தலையில் கட்டிவிட்டு, கை வீசிக்கொண்டு நடப்பது. சாமர்த்தியசாலி.

சுப்ரஜாவோ பூரித்துப்போயிருக்கிறாள். நேற்று வகுளாவின் கை லேசாக வீங்கியிருந்ததை இவள்தான் முதலில் பார்த்தாளாம். சொன்னவுடன் அந்த சிஸ்டர் ஓடி வந்து மருந்தை நிறுத்தினாளாம். ஸ்ரீரங்கத்தில் பத்து வருஷமாக சாத்தமுது வைத்துக்கொண்டிருந்தவள் இப்போது அரை டாக்டர். அடுத்த கட்டிலில் ஹாஜிரா என்று ஒரு அம்மா, பையனுக்கு மூச்சிரைப்பு. அவங்க டூட்டின்னாத்தான் எனக்குச் சோறு இறங்குது என்று அந்தம்மா வேறு தாளம் போடுகிறாள்.

ஒரு மணி நேரம் இருந்தேன். டோரதி என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. எல்லாம் அம்மாவிடம்தான். நான் அங்கே ஹெல்மெட் வைக்கிற ஸ்டாண்ட்.

ஜூலை 17, வியாழன்

டிஸ்சார்ஜ். காலையில் எழுதிக் கொடுத்ததற்கு மத்தியானம் வரை காத்திருப்பு.

மணிமேகலை என்று பேட்ஜ் குத்திய ஒரு பெண் வந்தாள். ஆஸ்பத்திரியின் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவாம். கையில் நாலு பக்கப் படிவம். 'குடும்பத்தை மையமாகக் கொண்ட செவிலியர் பராமரிப்பு: பெற்றோர் அனுபவ அளவீடு.' மூச்சு வாங்கிவிட்டது எனக்கு. இருபத்தெட்டுக் கேள்வி. ஒருபோதும் இல்லை என்றால் ஒன்று, எப்போதும் என்றால் ஐந்து. முதல் கேள்வி: 'செவிலியர் உங்கள் உணர்வுகளைப் புரிந்துகொண்டாரா?' வாய்விட்டுச் சிரித்தேன். உணர்வை எந்த வெர்னியரில் அளப்பது? ஒருத்தன் மூன்று போடுவான், ஒருத்தன் நாலு போடுவான், இரண்டையும் சேர்த்து மூன்றரை என்று கம்ப்யூட்டரில் ஏற்றிப் படம் வரைந்து மீட்டிங்கில் காட்டுவார்கள். இப்படியொரு கேஜ் எங்கள் பட்டறைக்கு வந்தால் கதவுக்கு முட்டுக்கொடுக்கத்தான் ஆகும்.

படிவத்தை நேராக என்னிடம்தான் நீட்டினாள். அந்த மட்டும் புத்தி இருக்கிறது. எங்கள் ஆத்தில் பாங்க், ரேஷன், ஸ்கூல், எந்தப் படிவமானாலும் நான்தான் எழுதுவேன். சுப்ரஜா காட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுவாள். தலைப்புக்குக் கீழே பொடி எழுத்தில் 'குழந்தையுடன் அதிக நேரம் இருந்தவர் நிரப்பவும்' என்று இருந்தது. பொடி எழுத்தைப் படிக்காதவன் இல்லை நான். படித்துவிட்டுத்தான் என் பெயரை எழுதினேன். சுப்ரஜா துணிகளைப் பையில் திணித்துக்கொண்டே, என்ன எழுதறேள் என்றாள். ஃபார்மாலிட்டி என்றேன்.

இரண்டாவது கேள்வி, படுக்கை விரிப்பு சுத்தமாக இருந்ததா. மூன்று போட்டேன். நியாயம் என்று ஒன்று இருக்கிறதே. மற்ற எல்லாவற்றுக்கும் மேலிருந்து கீழே வரிசையாக ஒன்று. படித்துப் பார்க்கிற அளவுக்கு அவற்றில் சரக்கு இல்லை.

கடைசியில் 'பிற கருத்துகள்'. இதற்குத்தான் காத்திருந்தேன். அரைப் பக்கம், இங்கிலீஷில். டோரதி என்கிற செவிலியர் பெற்றோரை அவமதிக்கிறார். தன் வேலையைத் தாய்மார்களிடம் தள்ளுகிறார். ஊசி செருகும்போது தாயையும் கட்டிலில் ஏற்றி உட்கார வைக்கிறார், இது கிருமித் தொற்றுக்கு வழி. அந்தக் கடைசி வரி நானாகக் கண்டுபிடித்தது. தொற்று என்ற வார்த்தைக்கு ஆஸ்பத்திரிக்காரன் பயப்படாமல் இருக்க மாட்டான்.

மொத்தம் ஏழு நிமிஷம்.

ஜூலை 18

நன்றாகத் தூங்கினேன். அந்த அரைப் பக்கம் வரிக்கு வரி ஞாபகம் இருக்கிறது. நல்ல இங்கிலீஷ்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. அம்மா மண்டபம் படித்துறைப் பக்கம் ஊரே திரண்டுவிட்டது, தெருவை விட்டு வண்டியை எடுக்க முடியவில்லை. வகுளா நொண்டிக்கொண்டே வாசல் வரை நடந்தாள். தினம் பத்தடி கூட்டணும்னு டோரதி சிஸ்டர் சொல்லியிருக்கா என்கிறாள் சுப்ரஜா. இன்னும் எத்தனை நாள் இந்தப் பெயரைக் கேட்டாக வேண்டுமோ.

ஆகஸ்ட் 6, புதன்

ஆஸ்பத்திரியிலிருந்து மெயில். 'தங்கள் மேலான கருத்துக்கு நன்றி. சம்பந்தப்பட்ட பணியாளர் வேறு பிரிவுக்கு மாற்றப்பட்டுள்ளார். வார்டு நடைமுறையும் திருத்தப்பட்டுள்ளது.' இந்த ஊரில் நான் எழுதிய புகார்கள் ஒரு ஃபைல் இருக்கும். பதில் வந்தது இதற்குத்தான்.

சுப்ரஜாவிடம் சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது?

ஆகஸ்ட் 25, திங்கள்

மூன்று நாளாகக் குழந்தைக்குக் காய்ச்சல். கால் மறுபடியும் வீங்கியிருக்கிறது. எலும்பில் ஒரு துண்டு செத்துக் கிடக்கிறதாம், அதை எடுக்க வேண்டுமாம், மறுபடி இரண்டு வாரம் மருந்தாம். போன தடவையே ஏன் தெரியவில்லை என்று கேட்டேன். சில சமயம் அப்படித்தான் சார் என்றார் டாக்டர். படிப்பு!

நாளைக்கு அட்மிஷன். வகுளா அழவில்லை. டோரதி ஆண்டி இருப்பாளோன்னோ என்று மட்டும் கேட்டாள். இருப்பாடீ கண்ணா என்றாள் சுப்ரஜா. நான் வண்டிச் சாவியைத் தேடுவதுபோல் உள்ளே போனேன்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

டோரதி இல்லை. அவங்க இங்க இல்லைங்க என்றார்கள், மேற்கொண்டு ஒன்றும் சொல்லவில்லை.

ஊசிக்குழாய் செருகக் குழந்தையைப் பக்கத்தில் ப்ரொசீஜர் ரூமுக்குத் தூக்கிப் போனார்கள். சுப்ரஜாவும் கூடவே போனாள். வாசலில் நிறுத்திவிட்டார்கள். கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது: பெற்றோருக்கு உள்ளே அனுமதி இல்லை.

நான் லீவு போட்டிருந்தேன். அதனால் எல்லாம் காதில் விழுந்தது. இருபத்தைந்து நிமிஷம். நரம்பு கிடைக்காமல் நாலு இடத்தில் குத்தியிருக்கிறார்கள். முதலில் அம்மா அம்மா என்று கத்தினாள். அப்புறம் தானாக எண்ண ஆரம்பித்தாள். ஒண்ணு, ரெண்டு, மூணு. மூன்றில் முடியவில்லை. மேலே எண்ணிக்கொண்டே போனாள், நாற்பது வரை. அதற்கப்புறம் எண்ணவும் இல்லை.

சுப்ரஜா கதவில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றாள். நான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் அந்தத் தாளையே படித்துக்கொண்டிருந்தேன். அடியில் பொடி எழுத்தில்: 'பெற்றோரிடமிருந்து பெறப்பட்ட புகாரின் பேரில், கிருமித் தொற்றைத் தவிர்க்கும் பொருட்டு.'

என் வரி. தமிழில் மாற்றியிருக்கிறார்கள், வேறு வித்தியாசம் இல்லை.

ஆகஸ்ட் 27

வகுளா யாரோடும் பேசவில்லை. அம்மாவோடும்.

ஆகஸ்ட் 28, வியாழன்

காலையில் ஆபரேஷன் முடிந்தது. துண்டை எடுத்துவிட்டார்கள்.

சாயங்காலம் நான் போனபோதுதான் வாயைத் திறந்தாள். என்னிடம் இல்லை, அம்மாவிடம். "நீ ஏம்மா வெளில நின்னுட்டே?" உள்ளே விடலைடா கண்ணா என்றாள் சுப்ரஜா. டோரதி ஆண்டி விட்டாளே, நீதான் வரலை என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டது குழந்தை. அம்மா தன்னை விட்டுவிட்டாள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறது. ஏழு வயசுக்கு வேறு என்ன தோன்றும்?

சுப்ரஜா வராண்டாவுக்கு வந்து அழுதாள். கல்யாணமாகிப் பத்து வருஷத்தில் இப்படி அழுது நான் பார்த்ததில்லை. எந்தப் பாவி இப்படியொரு புகார் கொடுத்தானோ, அவனுக்கெல்லாம் குழந்தை இருக்குமா இருக்காதா என்றாள்.

நான்தான் என்றேன். யோசித்துச் சொன்னதில்லை. வாய் சொல்லிவிட்டது. படிவம், அரைப் பக்கம் இங்கிலீஷ், மெயில், எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"எதைப் பார்த்து எழுதினேள்? நீங்க உள்ளேயே இல்லையே. பதினாலு நாள் நான்னா இருந்தேன்."

அப்புறம் சொன்னாள். முதல் நாள் வகுளா கிட்டே யாரையும் விடாமல் உதைத்தபோது, டோரதி ஊசியை எடுக்காமல் அரை மணி நேரம் சும்மா கட்டிலில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தாளாம். எந்தக் கையில் போடலாம் என்று குழந்தையிடமே கேட்பாளாம். சுப்ரஜா மூன்று நாள் சாப்பிடாமல் இருந்ததைக் கண்டுபிடித்து, நீங்க விழுந்துட்டா பாப்பாவை யார் பாக்குறது என்று அதட்டித் தன் டிபன் டப்பாவைப் பிரித்துக் கொடுத்தாளாம். இவளும் சாப்பிட்டாளாம். கண்ட இடத்தில் பச்சைத் தண்ணீர் குடிக்காதவள். கை வீங்கியதை டாக்டருக்குச் சொன்னபோதும், அம்மாதான் பார்த்தாங்க என்று சொன்னாளாம். என் பேச்சை ஒருத்தர் கேட்டது எனக்குப் புதுசா இருந்தது என்றாள்.

இதில் ஒன்றுகூட எனக்குத் தெரியாது. இதில் ஒன்றையும் நான் கேட்டதில்லை.

அளக்காமல் ரிப்போர்ட் எழுதியவனை வெளியே தூக்கச் சொன்ன மகா இன்ஸ்பெக்டர்! த்தூ.

கிளம்பும்போது சொன்னாள், அந்தத் தாளைக் கதவுலேர்ந்து எடுக்கணும், நாளைக்கு மறுபடி குத்துவா.

ஆகஸ்ட் 29, வெள்ளி

நர்சிங் சூப்பிரண்டைப் பார்த்தேன். அறுபதை நெருங்குகிற அம்மாள், மேஜையில் ஒரு ஃபைல்கூட கோணலாக இல்லை. என் குழந்தைக்கு மட்டும் விதிவிலக்குத் தர முடியுமா என்று கேட்டேன். ஒருத்தருக்கு மட்டும் எப்படிங்க முடியும் என்றார். ஃபைலைத் திறந்து காட்டினார். பாருங்க, எழுத்து மூலமா கம்ப்ளெயிண்ட் வந்திருக்கு, படிச்ச மனுஷர், என்ன அழகா எழுதியிருக்கார், இதை வச்சுக்கிட்டு நான் எப்படி அம்மாக்களை உள்ளே விடுறது?

என் கையெழுத்து. மூன்றடி தூரத்தில். பெயரைக் கையால் மறைத்துக்கொண்டிருந்தார், ரகசியம் காக்கிறாராம். அது நான்தான் என்று சொல்ல ஒரு நொடி போதும். சொல்லவில்லை. தேங்க்ஸ் மேடம் என்று எழுந்து வந்தேன். நேற்று மனைவியிடம் சொன்னவனுக்கு இன்று அந்நிய மனுஷியிடம் சொல்ல மானம் குறுக்கே வந்துவிட்டது. மானம்! இருந்தால்தானே.

மூன்று மணிக்குக் குத்தினார்கள். கதவு சாத்தியிருந்தது. இன்று வகுளா கத்தவேயில்லை. ஆயா சொன்னாள், பாப்பா ரொம்ப சமத்துங்க, கட்டை மாதிரி கிடந்துச்சு என்று. சுப்ரஜா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஆகஸ்ட் 30, சனி

ஹாஜிராவின் நம்பர் சுப்ரஜாவிடம் இருந்தது. ஹாஜிராவுக்குத் தெரிந்திருந்தது. டோரதி இப்போது திருவெறும்பூரில், தஞ்சாவூர் ரோட்டுமேல் ஒரு சின்னக் கிளினிக்கில். ஷட்டருக்கு மேல் போர்டு, உள்ளே நாலு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு ஃபேன். போர்டில் மல்டி ஸ்பெஷாலிட்டி என்று எழுதியிருக்கிறார்கள். போர்டில் எதை வேண்டுமானாலும் எழுதலாம்.

வழி நெடுக ஒத்திகை பார்த்துக்கொண்டு போனேன். என்னைப் பார்த்ததும் முகம் சுளிப்பாள், திட்டுவாள், திட்டட்டும் என்று. டோரதி நிமிர்ந்து பார்த்து, டோக்கன் போட்டாச்சா சார் என்றார்.

என்னைத் தெரியலையா என்றேன். தெரியவில்லை. நிஜமாகவே தெரியவில்லை. ஜூலையில், வார்டில், இடது கால் எலும்பில் சீழ் என்று ஆரம்பித்ததும் முகம் மலர்ந்துவிட்டது.

"வகுளா! அம்மா பேரு சுப்ரஜா. கால் எப்படி இருக்கு? நீங்க... அவங்க அப்பாவா?"

ஒன்றரை மாசம் இந்த அம்மாள் என் தலைக்குள் உட்கார்ந்திருந்தார். நான் அவர் தலையில் ஒரு நாள்கூட இருந்ததில்லை. வார்டுக்கு வந்து வலிக்காதும்மா என்று சொல்லிவிட்டுப் போகிற அப்பாக்கள் வாரத்துக்கு இருபது பேர் வருவார்களாக இருக்கும்.

படிவத்தைச் சொன்னேன். ஓ, அந்த இங்கிலீஷ் பேப்பரா, யாரோ பெரிய ஆளுன்னு நெனச்சேன் சார் என்றார். அது குத்தல்கூட இல்லை. சாதாரணமாகத்தான் சொன்னார். பெரியவர்களுக்கு ஊசி போடுகிற ரூமுக்கு மாற்றினார்களாம், குழந்தைகள் இல்லாத இடத்தில் மனசு ஒட்டாமல் விட்டுவிட்டு வந்துவிட்டாராம். பன்னிரண்டு வருஷம் அந்த வார்டில் இருந்திருக்கிறார். மன்னிச்சுக்கோங்க என்றேன். பஞ்சை உருட்டி ட்ரேயில் அடுக்கிக்கொண்டே இருந்தார். கதவில் ஒட்டிய தாளைப் பற்றிச் சொன்னபோதுதான் கையிலிருந்த பஞ்சைக் கீழே வைத்தார்.

"அம்மாக்களை வெளிய நிறுத்திட்டாங்களா? எல்லாரையுமா?"

நான் அதுவரை அப்படி யோசிக்கவில்லை. எல்லாரையும்தான். ஆகஸ்ட் முதல் வாரத்திலிருந்து அந்த வார்டுக்கு வந்த ஒவ்வொரு குழந்தையையும்.

எனக்கு ஒண்ணும் வேணாம் சார், அந்தத் தாளை எடுக்க வைங்க என்றார். வரிசையில் ஒரு குழந்தை இருமியது. உள்ளே போய்விட்டார்.

செப்டம்பர் 1, திங்கள்

கடிதம் கொடுத்தேன். தமிழில் எழுதினேன். இங்கிலீஷில் எழுதினால் மறுபடி அழகாக வந்துவிடும் என்று பயம்.

'ஜூலை 17 அன்று தாங்கள் கொடுத்த படிவத்தை நிரப்பியது நான். குழந்தையுடன் இருந்தது என் மனைவி. நான் தினமும் ஒரு மணி நேரம் வந்து போனவன். அதில் எழுதிய எதையும் நான் பார்த்ததில்லை, கேட்டுத் தெரிந்துகொள்ளவுமில்லை. தாய் பக்கத்தில் இருப்பதால் தொற்று வரும் என்பது என் சொந்தக் கற்பனை. சிஸ்டர் டோரதி என்னிடம் பொய் சொல்லாதீர்கள் என்றார். அந்தக் கோபத்தில் எழுதினேன். பொய் சொன்னது நான்தான்.'

சூப்பிரண்ட் அம்மாள் இரண்டு தடவை படித்தார். வெள்ளிக்கிழமை வந்தது நீங்கதானே என்றார். ஆமாம் என்றேன். அப்போதே சொல்லியிருக்கலாமே என்றார். ஆமாம் என்றேன். அவர் முகத்தில் இருந்ததை எனக்கு நன்றாகத் தெரியும். இருபத்திரண்டு வருஷமாக அந்த முகத்தை நான் மற்றவர்களுக்குக் காட்டியிருக்கிறேன்.

மணிமேகலையைக் கூப்பிட்டார். அந்தப் பெண், ஏத்தின பேப்பரை அழிக்க முடியாது மேடம், தனியா ஒதுக்கி வைக்கலாம் என்றது. பிறகு ஏதோ தோன்றி, கம்ப்யூட்டரில் பெயர்களை மேலும் கீழும் ஓட்டிப் பார்த்தது. மேடம், இருநூத்திப் பத்து பேப்பர்ல நூத்தி அறுபத்தஞ்சு அப்பாங்க பேர்ல இருக்கு என்றது மெதுவாக. நாங்களே அவங்க கையிலதான் குடுத்திருக்கோம்.

நான் ஒருத்தன்தான் முட்டாள் என்று நினைத்திருந்தேன். பெரிய சங்கமே இருக்கிறது. பெரும்பாலோர் ஐந்தாகப் போட்டுக் கொடுத்துவிட்டு வண்டியெடுக்க ஓடியிருப்பார்கள். ஐந்தும் பொய், ஒன்றும் பொய். என்னுடையது ஒருத்தர் வேலையைத் தின்றது, அதுதான் வித்தியாசம்.

செப்டம்பர் 2, செவ்வாய்

தாளை எடுத்துவிட்டார்கள். பசை ஒட்டிய நாலு மூலையும் கதவில் அப்படியே இருக்கிறது.

கட்டிலிலேயே வைத்துக் குத்தினார்கள். சுப்ரஜா மடியில் வைத்துக்கொண்டாள். வகுளா முதலில் அவள் கழுத்தைப் பிடிக்கவில்லை, கையைத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தாள். ஊசி உள்ளே போனபோது பிடித்தாள். முடிந்த பிறகும் விடவில்லை. அரை மணி நேரம் அப்படியே இருந்தார்கள். கத்திக் கத்தி அழுதாள் குழந்தை, ஆறு நாள் அழாததற்கெல்லாம் சேர்த்து.

டோரதியைத் திரும்ப வரச் சொல்லி சூப்பிரண்ட் அம்மாளே போன் செய்தாராம். வரவில்லை என்று சொல்லிவிட்டாராம். எனக்கு யாரும் சொல்லவில்லை, நானாகப் போய்க் கேட்டுத் தெரிந்துகொண்டது.

செப்டம்பர் 4

ஒரு வாரம் லீவு எழுதிக் கொடுத்தேன். பகலில் நான் வார்டில், சுப்ரஜா ஆத்துக்குப் போய்க் குளித்துத் தூங்கிவிட்டு வருகிறாள். முதல் நாள் பெட்பேன் எடுத்து வைக்கத் தெரியாமல் விரிப்பையெல்லாம் நனைத்தேன். வகுளா, அப்பாக்கு ஒண்ணுமே தெரியலை என்று பக்கத்துக் கட்டில் வரைக்கும் கேட்கிற மாதிரி அறிவித்தாள்.

செப்டம்பர் 6

சடகோபன் அண்ணா. பெருமாள். ஆப்பிள். என் கையில் பெட்பேன் இருந்ததைப் பார்த்துவிட்டு இந்தத் தடவை ஒன்றும் தின்னாமல் போனார்.

செப்டம்பர் 9, செவ்வாய்

டிஸ்சார்ஜ். மணிமேகலை படிவத்தோடு வந்தார். குழந்தைகூட யாரு இருந்தது என்று முதலில் கேட்டார். இப்போது ஒவ்வொரு கட்டிலிலும் கேட்டுவிட்டுத்தான் கொடுக்கிறார். சுப்ரஜா கையை நீட்டி வாங்கிக்கொண்டாள். எழுதத் தெரியுமாம்மா, நான் படிச்சுச் சொல்லட்டுமா என்று கேட்டதற்கு, பி.எஸ்ஸி. கணக்கு என்றாள். எனக்கே கொஞ்சம் மறந்துபோயிருந்தது.

ஜன்னலோரம் உட்கார்ந்து எழுதினாள். நான் துணிகளைப் பையில் அடுக்கினேன். ஒவ்வொரு கேள்வியையும் உதடு அசையப் படித்தாள், யோசித்தாள், போட்டாள், சிலதை அடித்து மாற்றினாள். முக்கால் மணி நேரம் ஆயிற்று. வண்டி வந்துவிட்டது என்று போன் வந்தது. காத்திருக்கச் சொன்னேன்.

தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தேன். இருபத்து மூன்றாவது கேள்வியில் இருந்தாள். 'குழந்தையின் தந்தை பராமரிப்பில் பங்கெடுத்தாரா?' போன தடவையும் இந்தக் கேள்வி இருந்திருக்கிறது. நான் படிக்காமல் மற்றவற்றோடு சேர்த்து இதற்கும் ஒன்று போட்டுக் கொடுத்திருக்கிறேன். அந்தப் படிவத்தில் உண்மையாக இருந்தது அது ஒன்றுதான்.

பேனாவை நிறுத்தி என்னை நிமிர்ந்து பார்த்தாள். இரண்டு போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போனாள்.